ரூட் கெனால் முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு கேப் கட்டாயமா, எந்தக் கேப்?

நீங்கள் எழுதியிருப்பது இது: இடது பக்கம் கீழே முதல் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை, ரூட் கெனால் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது, தற்காலிக அடைப்போடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள், வலி இல்லை. சிகிச்சை செய்த டாக்டர் ஜிர்கோனியா (பல் நிறத்தில் வரும் உறுதியான பீங்கான் வகை) கேப் போட்டே ஆக வேண்டும் என்கிறார். இன்னொருவர் மெட்டல் கேப் போதும் என்கிறார். வீட்டில் பெரியவர் ஒருவர், வலிதான் போய்விட்டதே, அடைத்துவிட்டுப் பேசாமல் இரு என்கிறார். யார் சொல்வது சரி, கேப் போட்டால் எத்தனை வருஷம் வரும் என்று கேட்கிறீர்கள். கேள்வி கேப்பைப் பற்றியது போலத் தெரிந்தாலும் பதில் கேப்புக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே போடுவது எந்தப் பொருள் என்பதைவிட, உள்ளே நல்ல பல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கேப்பின் விளிம்பு எங்கே போய் உட்காருகிறது என்ற இரண்டும்தான் அதன் ஆயுளை முடிவுசெய்கின்றன. எக்ஸ்ரேயும் வாயும் பார்க்காமல் உங்கள் பல்லுக்கு இன்னதுதான் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவெடுப்பது, டாக்டரிடம் எதைக் கேட்பது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், கேப் வேண்டுமா என்பது. நரம்பை எடுத்துவிட்டால் பல் காய்ந்த விறகு மாதிரி ஆகிவிடும், அதனால்தான் உடைகிறது என்று பரவலாகச் சொல்வார்கள். சில டாக்டர்களே சொல்வதுண்டு. அது சரியில்லை. நரம்பு எடுத்த பல்லின் டென்டினையும் (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் முக்கியப் பகுதி) உயிருள்ள பல்லின் டென்டினையும் சோதித்துப் பார்த்தபோது உறுதியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல் உடைவது காய்ந்துபோவதால் அல்ல, உள்ளே சுவர் குறைந்துபோவதால். 1989-ல் வெளியான ஒரு ஆய்வு, பிடுங்கிய பற்களை வைத்து இதை அளந்தது. ரூட் கெனாலுக்காக மேலே துளை போட்டதால் மட்டும் பல்லின் விறைப்பு, அதாவது வளையாமல் தாங்கும் திறன், சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. முன்பக்கக் கரை, பின்பக்கக் கரை இரண்டையும் சேர்த்து வெட்டியபோதோ சுமார் 63 சதவீதம் குறைந்தது. கரை என்று சொல்வது, பல்லின் மேற்பரப்பில் பக்கத்துப் பல்லை ஒட்டி முன்னும் பின்னும் இருக்கும் மேடு. கூடைக்கு வாய்க்கட்டு மாதிரி அது. வாய்க்கட்டு அறுந்த கூடையில் கனம் வைத்தால் பக்கங்கள் விரிந்துகொள்ளும். கரை போன பல்லில் ஒவ்வொரு கடியிலும் உள்சுவரும் வெளிச்சுவரும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக விரிகின்றன. கீழ்க் கடைவாயில் பெரும்பாலும் நாக்குப் பக்கத்துச் சுவர்தான் முதலில் பெயரும். ஈறுக்கு மேலே பெயர்ந்தால் சரிசெய்துகொள்ளலாம். எலும்புக்குக் கீழே வரை பிளந்தால் ரூட் கெனாலுக்குச் செலவழித்த காசோடு பல்லும் போய்விடும்.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இரண்டு கரைகளில் எத்தனை மிச்சம்? இரண்டும் முழுசாக இருந்து, நடுவில் துளை மட்டும்தான் என்றால், காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளைக் கொண்டு நன்றாக ஒட்டி அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வது அந்த இடத்தில் நியாயம்தான். ஒரு கரையாவது போயிருந்தால், அல்லது சுவர் எதுவும் 2 மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமனில் நின்றால், கூம்புகளை, அதாவது பல்லின் மேலே மெல்லும் முனைகளாக நிற்கும் மேடுகளை, மூடித்தான் ஆக வேண்டும். பெரிய சொத்தை என்று நீங்களே எழுதியிருப்பதால் உங்கள் பல் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூடுவது என்றால் முழுக் கேப்தான் என்றும் இல்லை. பக்கச் சுவர்கள் நன்றாக இருந்தால் மேற்பகுதியை மட்டும் மூடும் ஆன்லே போடலாம். அதற்குப் பல்லை மிகக் குறைவாகவே தேய்க்க வேண்டியிருக்கும். பல இடங்களில் அதைச் சொல்வதே இல்லை, ஏனென்றால் அதை ஒட்டுவதற்கு நேரமும் பொறுமையும் கூடுதலாக வேண்டும். முன்பல் கதை வேறு. ரூட் கெனால் செய்த முன்பல், சுற்றிலும் முழுசாக இருந்தால், கேப் போட்டு எந்த லாபமும் இல்லை.

இதற்கு எவ்வளவு உறுதியான ஆதாரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1984-ல் வெளியான, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரூட் கெனால் பற்களைத் திரும்பிப் பார்த்த ஒரு ஆய்வு, கூம்புகளை மூடிய கடைவாய்ப் பற்கள் கூடுதலாக நிலைத்தன, முன்பற்களில் அப்படி வித்தியாசம் இல்லை என்றது. 2002-ல் வந்த இன்னொன்று, கேப் போடாத ரூட் கெனால் பற்கள், போட்டவற்றைப் போல ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. இரண்டும் நடந்ததைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகள். கேப் போட்டவர்களில் வசதியுள்ளவர்களும் பல்லைக் கவனிப்பவர்களும் கூடுதலாக இருந்திருக்கலாம், ஏற்கனவே நம்பிக்கை இல்லாத பற்களுக்கு டாக்டர்களே கேப் போடாமல் விட்டிருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்க்கும் நேரடி ஒப்பீடு என்று தேடிய, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்புக்கு, 2015 வரையில் தகுதியானதாகக் கிடைத்தது 117 பேரை வைத்துச் செய்த ஒரே ஒரு சோதனை. ஆகவே கேப் கட்டாயம் என்று மேசையைத் தட்டிச் சொல்லும் அளவுக்கு அறிவியல் முடிந்த விஷயம் இல்லை. ஆனால் கரை போன கடைவாய்ப் பல் எப்படி உடைகிறது என்ற இயந்திரக் கணக்கும் கிடைத்த ஆய்வுகளும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

அடுத்தது, பல் கேப்பைத் தாங்குமா என்பது. பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, பிளக்காமல் காப்பது அந்தப் பட்டைதான். கேப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு, விளிம்புக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு, குறைந்தது 1 மில்லிமீட்டர் தடிமனில், சொந்தப் பல் நிற்க வேண்டும். அடைத்த காம்போசிட்டை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த உயரம் இல்லாமல் வெறும் அடைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கேப், ஜிர்கோனியாவாக இருந்தாலும் தங்கமாக இருந்தாலும், ஒரு நாள் அடைப்போடு சேர்ந்து கையில் வந்துவிடும், அல்லது வேரைப் பிளக்கும். உயரம் போதாவிட்டால் ஈறையும் கொஞ்சம் எலும்பையும் குறைத்துப் பல்லை வெளியே காட்டும் சிறு அறுவை உண்டு. ஆறிப் படிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். கீழ்க் கடைவாயில் எலும்பை அதிகம் எடுத்தால் இரண்டு வேர்களும் பிரியும் கவடு வெளியே தெரிந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் இது சரிவராது. அப்படிச் செய்யாமல் விளிம்பை ஈறுக்குள்ளே ஆழமாக இறக்கிவிடுவது குறுக்குவழி. அது பின்னால் ஈறைப் பழிவாங்கும். எலும்புக்கு மேலே சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஈறு பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கேப் விளிம்பு ஆக்கிரமித்தால், எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் ஈறு சிவந்து ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் விட வேண்டும் என்பது இதனால்தான்.

வேருக்குள் போஸ்ட் வைக்க வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். போஸ்ட் பல்லைப் பலப்படுத்தாது. மேலே கட்டும் அடைப்பு பிடித்து நிற்பதற்கான ஆணி, அவ்வளவுதான். அதை வைக்கத் துளையைப் பெரிதாக்கினால் வேர் மெலியும். கடைவாய்ப் பல்லில் நரம்பறையே அகலமாக இருப்பதால் பெரும்பாலும் அந்தக் குழியே பிடிப்புக்குப் போதும். சுவர் அநேகமாக எல்லாமே போயிருந்தால்தான் போஸ்ட். வைத்தாலும் வேர் நுனியில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கட்டாபெர்ச்சா (ரூட் கெனாலில் வேர்க்குழாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) விட்டுவைக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஐந்து வாரம். தற்காலிக அடைப்பு என்பது பெயருக்கேற்ப இரண்டு மூன்று வாரத்துக்கானது. அது தேய்ந்தோ ஓரம் கசிந்தோ போனால் எச்சிலோடு கிருமி மறுபடி வேர்க்குழாய்க்குள் இறங்கும். வலி இல்லாமலேயே இறங்கும், ஏனென்றால் சொல்வதற்கு நரம்பு இல்லை. அடைப்பு பெயர்ந்து வேர்க்குழாய் மூன்று மாதத்துக்கு மேல் எச்சிலில் திறந்து கிடந்தால் ரூட் கெனாலையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்பது பொதுவாக வைக்கும் கணக்கு. அந்த மூன்று மாதம் கல்வெட்டு அல்ல, ஆனால் நீங்கள் தள்ளிப்போடக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. எந்தக் கேப் என்று முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வாரமே போய் உள்ளே நிரந்தர அடைப்பை மட்டுமாவது போட்டுக்கொள்ளுங்கள். கேப் வேலை தொடங்குமுன் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வேருக்குள் போட்ட வெள்ளைக் கோடு நுனியிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் முடிந்திருக்க வேண்டும், நடுவில் இடைவெளி தெரியக் கூடாது. வேர்சிகிச்சை சரியில்லாத பல்லின் மேல் விலையுயர்ந்த கேப் போடுவது, ஒழுகும் குழாய் மேல் டைல்ஸ் ஒட்டுவது போலத்தான்.

பொருளுக்கு வருகிறேன். முழு மெட்டல் கேப்தான் பல்லுக்கு மிகவும் இரக்கமானது. மேலே 1 முதல் 1.5 மில்லிமீட்டர், விளிம்பில் அரை மில்லிமீட்டர் தேய்த்தால் போதும். உடையாது, சில்லு பெயராது, எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது. குறை, நிறம். இன்னொன்று, மலிவான மெட்டல் கேப்புகளில் பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலவை. கவரிங் நகை, வாட்ச் பட்டை போட்டால் அரிப்பு வருபவராக இருந்தால் நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதை முன்கூட்டியே சொல்லி கோபால்ட்-குரோமியம் கேளுங்கள். அடுத்தது, உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் உள்ள கேப். நம்மூரில் செராமிக் கேப் என்றால் இதுதான். உலோகத்துக்கும் பீங்கானுக்கும் சேர்த்து இடம் வேண்டியிருப்பதால் மேலே 2 மில்லிமீட்டர் வரை, கன்னப் பக்கம் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டும். ஏற்கனவே சுவர் மெலிந்த பல்லுக்கு அது பெரிய விலை. கடைவாயில் பீங்கான் சில்லு பெயர்வதும், ஈறு கொஞ்சம் இறங்கியதும் ஓரத்தில் கருங்கோடு தெரிவதும் இதன் வழக்கமான குறைகள். ரூட் கெனால் செய்த கீழ்க் கடைவாய்க்கு, மெட்டல், ஜிர்கோனியா, இது என்ற மூன்றில் நான் கடைசியாகத் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

ஜிர்கோனியா என்ற பெயரில் இரண்டு சரக்கு வருகிறது. முழுக்க ஜிர்கோனியாவிலேயே செதுக்கியது ஒன்று. உள்ளே ஜிர்கோனியா, மேலே பீங்கான் பூசியது மற்றொன்று. பூசியது அழகாக இருக்கும், ஆனால் பூச்சு சில்லு பெயரும். கடைவாய்க்கு முழு ஜிர்கோனியாவையே கேளுங்கள். மேலே 1 முதல் 1.5 மில்லிமீட்டர் தேய்த்தால் போதும் என்பதால் அது மெட்டலுக்குப் பக்கத்தில் வருகிறது. எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயம் பாதி உண்மை. கண்ணாடி போல மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லிடம் மென்மையாகவே நடந்துகொள்கிறது. ஒட்டும் நாளில் கடி உயரத்தைக் குறைக்க மேலே உராய்த்துவிட்டு மெருகேற்றாமல் அனுப்பினால்தான் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். உராய்த்தால் அதற்கான ரப்பர் முனைகளால் மெருகேற்றினார்களா என்று கேட்பதில் தவறே இல்லை. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானும் உண்டு. அழகில் அதுவே முதல், முன்பல்லுக்கும் ஆன்லேவுக்கும் நல்லது. இரவில் பல் கடிப்பவரின் கடைசிக் கடைவாய்க்கு அதைப் போட நான் தயங்குவேன்.

ஆக உங்கள் இரண்டு டாக்டர்களும் பொய் சொல்லவில்லை. பல் சிரிக்கும்போது தெரியாது, நிக்கல் தொந்தரவு இல்லை என்றால், மெட்டல் முழுக்கச் சரியான தேர்வு. அதை ஏழைக்கானது என்று பார்க்க வேண்டாம். வாயைத் திறந்து பேசும்போது கீழ் முதல் கடைவாய் சிலருக்குப் பளிச்சென்று தெரியும். உங்களுக்கு அது உறுத்தும் என்றால் முழு ஜிர்கோனியா. பாக்கு மென்று மென்று பல் தேய்ந்து குட்டையாகிப் போனவர்களுக்கு மட்டும் பொருளைப் பற்றிக் கறாராக இருக்க வேண்டும். தேய்த்து முடித்த பிறகு கடைவாய்ப் பல்லின் சுவர் 4 மில்லிமீட்டராவது உயரமாக நிற்காவிட்டால் கேப் பிடிக்காது. அங்கே குறைவாகத் தேய்த்தால் போதும் என்ற காரணத்தாலேயே மெட்டல் முந்துகிறது.

முதல் நாள் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் எது விட்டுப்போகிறது என்றும் தெரியும். பல் நிறக் கேப் என்றால் நிறத்தைத் தேய்ப்பதற்கு முன்னாலேயே, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் வாய் திறந்து காய்ந்த பல் வெளிறித் தெரியும். அப்போது நிறம் பார்த்தால் கேப் வெள்ளைச் சுண்ணாம்பு போல வந்து நிற்கும். நரம்பே இல்லாத பல்லுக்கு எதற்கு ஊசி என்று கேட்பார்கள்; ஈறுக்கு நரம்பு இருக்கிறது, அதற்குத்தான். பழைய அடைப்பு, மிச்சச் சொத்தை எல்லாம் எடுத்து, காம்போசிட்டால் பல்லுக்கு உடம்பு கட்டுவார்கள். இந்த இடத்தில் கிளாஸ் அயனோமர் என்ற சாதாரண அடைப்பு சிமென்டை மட்டும் வைத்துப் பெரிய உடம்பு கட்டுவது பலவீனம். பிறகு எவ்வளவு தேய்க்கிறோம் என்று தெரிய ஆழக் கோடுகள் போட்டு, தண்ணீர் பீச்சிக்கொண்டே தேய்ப்பார்கள். சுவர்கள் மேலே போகப் போக லேசாகச் சாய வேண்டும். அதிகம் சாய்ந்து கூம்பாகிவிட்டால் பிடிப்பு போச்சு. அடுத்து ஈறை விலக்க மருந்தில் நனைத்த நூலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே சில நிமிடம் திணித்து வைத்து, அளவு எடுப்பார்கள். சிலிகோன் பசை இரண்டு பதத்தில் இருக்கும், மாவு மாதிரி ஒன்று, ஓடும் பதத்தில் ஒன்று. ஸ்கேனரில் எடுத்தாலும் சரிதான். எதிர்வரிசைக்கு மட்டும் பொடி குழைத்து எடுக்கும் ஆல்ஜினேட் போதும். கேப் போடும் பல்லுக்கே ஆல்ஜினேட்டில் அளவு எடுத்தால் விளிம்பு சரியாக விழாது, அங்கே கேள்வி கேளுங்கள். எடுத்த அச்சில் விளிம்பு நெடுக ஒரு கோடு அறாமல் தெரிய வேண்டும். குமிழியோ கிழிசலோ இருந்து மறுபடி எடுக்கிறேன் என்றால் சலித்துக்கொள்ளாதீர்கள், அப்படிச் சொல்பவர் நல்ல டாக்டர்.

லேபிலிருந்து கேப் வர ஒரு வாரம்போல ஆகும். அதுவரை தற்காலிகக் கேப் இருக்க வேண்டும். ரூட் கெனால் செய்த பல்தானே, கூசாது, சும்மா விட்டுவிடலாம் என்று சில இடங்களில் அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் பக்கத்துப் பல்லும் எதிர்ப்பல்லும் இம்மி நகர்ந்தால்கூட கேப் உட்காராது, ஈறும் விளிம்பின் மேல் ஏறிக்கொள்ளும். தற்காலிகக் கேப் இருக்கும்வரை கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய், சூயிங் கம் வேண்டாம். அந்த இடத்தில் ஃபிளாஸ் போட்டால் மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள்.

ஒட்டும் நாளில் அவசரப்பட விடாதீர்கள். சிமென்ட் போடுமுன் நான்கு காரியம் நடக்க வேண்டும். கேப்பை வைத்துப் பக்கத்துப் பற்களுக்கு நடுவே ஃபிளாஸ் விட்டுப் பார்க்க வேண்டும்; டக்கென்று ஒரு பிடிப்போடு இறங்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் நாளைக்குக் கீரையும் முருங்கைக்காய் நாரும் அங்கேதான் போய் அடையும். கூர்முனை ஊசியால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். 120 மைக்ரானுக்கு (0.12 மில்லிமீட்டர்) மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது பழைய அளவுகோல், ஊசி முனை தட்டித் தடுக்கும் விளிம்பு அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் கேப் வைத்தபடியே ஒரு எக்ஸ்ரே எடுக்கலாம். கடிக்கும் நீலத்தாள் வைத்து உயரம் பார்க்க வேண்டும். கடைசியாகக் கண்ணாடியில் நீங்களே பார்த்து நிறம் சரி என்று சொல்ல வேண்டும், ஒட்டிய பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை. சுவர் நல்ல உயரமாக இருந்தால் சாதாரண ஒட்டும் கிளாஸ் அயனோமர் சிமென்டே போதும். பல் குட்டையாக இருந்தால் இன்னும் இறுகப் பிடிக்கும் ரெசின் சிமென்ட் வேண்டும். ஜிர்கோனியாவுக்குள் எச்சில் பட்டால் அதிலுள்ள பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு சிமென்டைப் பிடிக்கவிடாது. அதை மணல் ஊதியோ அதற்கென்று வரும் பசையாலோ சுத்தம் செய்ய வேண்டும். வழக்கமான பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவினால் இன்னும் மோசம். ரெசின் ஒட்டிய கேப்புகள் காரணமே தெரியாமல் கழன்று வருவதற்கு இந்தச் சின்னத் தவறும் ஒரு காரணம்.

போட்ட பிறகு எது தவறாகும்? முதல் இரண்டு நாளில் கடித்தால் வலி, அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது என்ற உணர்வு இருந்தால், அது உயரம். பழகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். பழகக் கூடாது, திரும்பப் போய்க் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு வாரத்தில் ஈறு ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் உள்ளே சிமென்ட் துணுக்கு தங்கியிருக்கலாம். மாதங்கள் கழித்து ஈறிலிருந்து வாடை, ஓரத்தில் கறுப்பு, கேப் லேசாக அசைகிறது என்றால் விளிம்பில் சொத்தை ஊர்கிறது. கேப்புக்குச் சொத்தை வராது, அதன் விளிம்பில் இருக்கும் பல்லுக்கு வரும். கேப்புகள் தோற்றுப்போகும் முக்கியமான வழியே அதுதான். ரூட் கெனால் செய்த பல்லில் இதை வலி காட்டிக் கொடுக்காது என்பதால், ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துத்தான் பிடிக்க முடியும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈறு ஆழமாக, ஊசி போலக் குறுகலாகப் பிரிந்து, அங்கே அடிக்கடி கொப்புளம் வந்தால், வேர் நெட்டுவாக்கில் பிளந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்வது கடினம், உறுதியானால் அந்த வேரையோ பல்லையோ எடுப்பதைத் தவிர வழியில்லை.

எத்தனை வருஷம் என்றால், உலோகமும் பீங்கானும் சேர்ந்த கேப்புகளை ஐந்து வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 95 நின்றிருந்தன. மற்ற நல்ல வகைகளும் அதற்குப் பக்கத்தில்தான். பதினைந்து, இருபது வருஷம் வரும் கேப்புகள் ஏராளம், ஆனால் உங்களுடையது வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரண்டி அட்டை அதைத்தான் எழுதிக் கொடுக்கிறதே என்பீர்கள். ஜிர்கோனியாவோடு தரும் அந்த அட்டையைப் படித்துப் பாருங்கள். பொருள் உடைந்தால் புதுப் பொருள் தருவார்கள், அவ்வளவுதான். அடியில் சொத்தை வந்தாலோ, வேர் பிளந்தாலோ, கழன்றாலோ பெரும்பாலும் அதில் சேராது. ஆகவே விலை பேசும்போது பிராண்டைவிட இவற்றைக் கேளுங்கள்: உள்ளே கட்டும் அடைப்புக்குத் தனிக் காசா, மெட்டல் என்றால் எந்தக் கலவை, ஒரு வருஷத்துக்குள் கழன்றால் யார் பொறுப்பு. பணம்தான் தடை என்றால் சென்னையில் 1953 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்டம் சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், பல தடவை போய் வர வேண்டியிருக்கும். அவசரமில்லாத கேப் வேலைக்கு நல்ல இடம். உள்ளடைப்பை மட்டும் உடனே முடித்துவிட்டு அங்கே வரிசையில் நிற்கலாம்.

ஒருவேளை பின்னால் கேப் கழன்று கையில் வந்தால் பதறாதீர்கள், கடையில் விற்கும் உடனடிப் பசை போட்டு ஒட்டவும் செய்யாதீர்கள்; அந்தப் பசை ஈறைப் புண்ணாக்கும், கேப்பும் கோணலாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கழுவி டப்பாவில் போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்துப் போங்கள். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டரிடம் போகுமுன் கேப்பின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். காலியாக, சிமென்ட் துகள் மட்டும் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே காம்போசிட்டும் பல் துண்டும் சேர்ந்து வந்திருந்தால், கேப்பைத் தாங்க விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும் என்று முன்னே சொன்ன அந்த 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரச் சொந்தப் பல் போய்விட்டது. இதையே மறுபடி ஒட்டிக் கொடுங்கள் என்று அப்போது வற்புறுத்தாதீர்கள், ஒட்டினாலும் சில வாரத்தில் சாப்பாட்டோடு வந்துவிடும்.